வறண்ட ஆற்றங்கரையில் கூடாரம், ஸ்பிட்ஸ்கோப்பேயில் கயிறு

நமீபியாவின் வரைபடத்தை விரித்தால் நீலக் கோடுகளுக்குக் குறைவில்லை. நேரில் போனால் அத்தனையும் மணல். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறுகளான ஆரஞ்சு, குனேனே, ஒகவாங்கோ எல்லாம் எல்லையை ஒட்டியவை. மேற்கே போகிற ஸ்வாகோப், ஒமருரு, உகாப், ஹுவாப், ஹோவானிப் எல்லாம் மழைக்காலத்தில் சில நாள் ஓடும். சில வருடம் அதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் மணலுக்கடியில்தான் இருக்கிறது. வைகையிலும் பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டாம். ஹோவானிப் ஆற்றில் அந்த ஊற்றை யானைகளே தோண்டுகின்றன. காலால் மணலைப் பறித்து, தும்பிக்கையால் குழியை ஆழப்படுத்தி, ஊறும்வரை நின்று குடிக்கும். அசல் மணற்கேணி.

குழந்தைகளோடு போய்க் கூடாரம் போட்டு, பாறையும் ஏறிவிட்டு வர ஒரு வாரம் போதும். தலைநகர் விண்ட்ஹுக்கில் வண்டி எடுத்து ஸ்பிட்ஸ்கோப்பே மலையடியில் மூன்று இரவு, பிறகு உயிஸ் ஊர் வழியாக உகாப் கரையில் இரண்டு இரவு. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். நம்மூர்ப் பள்ளிகளின் மே விடுமுறை அங்கே குளிர்காலத் தொடக்கம். பகலில் 25 டிகிரிவாக்கில் இருக்கும், இரவில் 5 டிகிரிவரை இறங்கும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனால் விடியவிடிய நடுங்க வேண்டியதுதான். 0 டிகிரி தாங்கும் தூக்கப்பை ஆளுக்கொன்று, தலைக்குக் கம்பளிக் குல்லாய். கீழே விரிக்கும் மெத்தை மேலே போர்த்துவதைவிட முக்கியம். குளிர் முதலில் தரையிலிருந்துதான் ஏறும்.

இனி கூடாரம் போடும் இடம். வறண்ட ஆற்றைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். தரை சமமாக இருக்கும், மணல் மெத்தென்று இருக்கும், நிழலுக்குப் பெரிய மரங்கள். அங்கே போடவே கூடாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை பெய்வது கிழக்கே, மேட்டு நிலத்தில். அங்கே பெய்தது பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நீங்கள் படுத்திருக்கும் இடத்துக்கு வந்து சேரும். உங்கள் தலைக்கு மேலே நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும். வெள்ளத்தின் முன்முனை தண்ணீராகக்கூடத் தெரியாது. நுரை, செத்தை, குச்சி, அடிமரம் எல்லாம் சேர்ந்து உருண்டு வரும் ஒரு குவியல். குளிர்காலத்தில் இந்த ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மை. அப்போதும் ஆற்றுப் படுகை யானைக்கும் வண்டிக்கும் வழி, கூடாரத்துக்கு இடமில்லை.

எவ்வளவு உயரத்தில் போடலாம் என்பதை ஆறே எழுதி வைத்திருக்கும். கரையோர மரங்களில் எந்த உயரத்தில் காய்ந்த புல்லும் குச்சியும் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். அது கடைசிப் பெருவெள்ளம் எட்டிய மட்டம். அந்த மட்டத்துக்கு மேலே, கரையின் அடுத்த படியில் இடம் தேடுங்கள். மரத்தின் ஆற்றுப் பக்க வேர்கள் மண் அரித்து வெளியே தெரிந்தால் அந்தக் கரை அடுத்த வெள்ளத்தில் சரியும். விளிம்பிலிருந்து பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

அந்தப் பெரிய மரங்கள் பெரும்பாலும் ஆனா மரங்கள். நம் வேல மரங்களுக்குச் சொந்தம். காய் கொடுக்காப்புளி போலச் சுருண்டு, ஆரஞ்சு கலந்த பழுப்பில் இருக்கும். இந்த மரத்துக்கு ஒரு தலைகீழ்ப் பழக்கம்: மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு, ஊரே காயும்போது பச்சையாக நிற்கும். காயும் வறண்ட மாதங்களில்தான் விழும். யானைக்கு அது விருந்து. ஆகவே நல்ல நிழல் என்று ஆனா மரத்தடியில் கூடாரம் போடுவது யானையின் சாப்பாட்டு மேசையில் படுப்பதற்குச் சமம். உகாப் கரையில் வேலியில்லாத கூடாரத் திடல்களுக்குள் யானைகள் சாதாரணமாக வந்து போகும். அங்கே ஆரஞ்சு, எலுமிச்சை, சாத்துக்குடி எதையும் கொண்டுபோகாதீர்கள். அந்த வாசனைக்கு வண்டிக் கண்ணாடியை உடைத்து எடுக்கவும் தயங்காது. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலும் இந்தக் கணக்கில்தான். யானை வந்துவிட்டால் கத்தாமல், ஓடாமல், வண்டிக்குள் ஏறி உட்காருங்கள். யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில், யானைக்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். ஹோவானிப் பக்கம் சிங்கமும் உண்டு. சிறு குழந்தைகளோடு அங்கே திறந்தவெளியில் இரவு தங்குவது தேவையில்லாத வேலை.

ஸ்பிட்ஸ்கோப்பேயில் யானைத் தொல்லை இல்லை. விண்ட்ஹுக்கிலிருந்து ஒகஹண்ட்ஜா போய், அங்கிருந்து கரிபிப், உசாகோஸ் வழியாக பி2 தார்ச்சாலை. உசாகோஸில் டீசலை நிரப்பிவிடுங்கள். அதைத் தாண்டி வலப்பக்கம் டி1918 மண் சாலையில் திரும்ப வேண்டும். தூரத்திலேயே மலை தெரியும். சமவெளியிலிருந்து சுமார் 700 மீட்டர் நிமிர்ந்து நிற்கிறது. உச்சி கடல் மட்டத்திலிருந்து 1728 மீட்டர். கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் பிளந்த காலத்தில், 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்கடியில் உறைந்த கருங்கல் இது. மேலேயிருந்த மண்ணெல்லாம் அரித்துப்போய்க் கல் மட்டும் நிற்கிறது. நுழைவாயிலில் பணம் கட்டிப் பதிவு செய்யும்போதே பாறை ஏறப்போவதையும் சொல்லிவிடுங்கள். கூடாரத் திடல்கள் பாறைகளின் இடுக்கில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. மின்சாரமோ குழாயோ கிடையாது, குழிக் கழிப்பறைதான். குளிக்க வேண்டுமென்றால் வாயிலுக்கு வர வேண்டும்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும். நான்கு பேர், நான்கு நாள் என்றால் 80 லிட்டர். மேலே 20 கையிருப்பு. இந்த 100 லிட்டரை ஒரே தொட்டியில் வைக்காமல் 20 லிட்டர் கேன் ஐந்தாகப் பிரியுங்கள். மண் சாலைக் குலுக்கலில் மூடியோ குழாயோ கழன்று ஒழுகுவது வழக்கமான கதை; ஒன்று போனாலும் நான்கு மிஞ்சும். பாத்திரம் கழுவும் தண்ணீரைத் திறந்து வைத்தால் தேனீக்கள் மொய்த்துவிடும். வறண்ட நாட்டில் ஈரம் எங்கே இருந்தாலும் அவை கண்டுபிடிக்கும். வாளியை மூடி வையுங்கள்.

சமவெளியே 1000 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு சமாளிக்கும், பருப்பு வேக நேரமாகும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றை எடுத்துப் போவது பாரமில்லை, எரிவாயு மிச்சம். எரிவாயு உருளை அங்கே வேறு மாதிரி மரை. நம்மூர் அடுப்பு பொருந்தாது, வண்டியோடு சேர்த்து அடுப்பையும் வாடகைக்கு எடுங்கள். விறகைக் கடையில் வாங்குங்கள். ஆற்றுப் படுகையில் கிடக்கும் சுள்ளியைப் பொறுக்காதீர்கள்: அடியில் தேள் இருக்கும், அதைவிட அந்தக் குச்சி கள்ளியாக இருக்கலாம். டமாரா கள்ளி காய்ந்துபோனால் சாதாரணச் சுள்ளி போலத்தான் தெரியும். அதன் புகையே நஞ்சு, அதன்மேல் இறைச்சி சுட்டவர்கள் செத்த கதை அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

தேளுக்கு ஒரு புற ஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். முன்னாலிருக்கும் இடுக்கிக் கை மெலிந்து வால் தடித்திருந்தால் கடும் விஷம். இடுக்கிக் கை தடித்து வால் மெலிந்திருந்தால் வலி மட்டும் பெரிது. இரவு கழிப்பறைக்குப் போகும்போது செருப்பு ஆகாது, மூடிய காலணிதான். காலையில் உதறிவிட்டுக் காலை விடுங்கள். வண்டிக் கூரைமேல் விரியும் கூடாரமென்றால் இந்தப் பயம் பாதி குறையும், ஆனால் ஏணி இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பிள்ளை அந்த ஏணியில்தான் விழும். மேல்படியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டி, ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உள்பக்கமாகப் படுக்க வைத்து, மூடியுள்ள ஒரு சின்ன வாளியை மேலேயே வைத்துவிடுவது நல்லது.

பாறைக்கு வருவோம். ஸ்பிட்ஸ்கோப்பே உச்சியை 1946இல்தான் முதன்முதலாக ஏறினார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த உச்சியைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவதே மேல். இறங்கக் கயிறு வேண்டும், நாள் முழுக்கப் போகும், தண்ணீர் கிடையாது. அடிவாரத்தில் இருக்கும் சின்னப் பாறைகளிலும் சரிவுகளிலும் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்கான வேலை இருக்கிறது. தென்னாப்பிரிக்க எண்முறையில்தான் கடினத்தைக் குறிப்பார்கள். எண் கூடக் கூடக் கஷ்டம். 10 முதல் 13 வரை புதியவர்களுக்கு. 18 என்றால் பிரெஞ்சுக் கணக்கில் 6ஏ அளவு.

சூரியனைச் சரியாகக் கணக்குப் போடுங்கள். இது தெற்கு அரைக்கோளம், மே முதல் ஆகஸ்டுவரை சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வடக்கு பார்த்த பாறை நாள் முழுக்கக் காயும், தெற்கு பார்த்தது நாள் முழுக்க நிழல். காலை ஏழரை மணிக்குத் தெற்கு முகத்தில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். அதனால் முதல் ஒரு மணி நேரம் கிழக்கு பார்த்த பாறை, வெயில் ஏறியதும் தெற்கு. பதினொன்றுக்குக் கயிற்றைச் சுருட்டிவிட்டு நாலு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கலாம். குளிர்ந்த கல்லில் காலணி ரப்பர் நன்றாகப் பிடிக்கும். வெயிலில் காய்ந்த கல்லில் வியர்வையும் சேர்ந்து எல்லாம் வழுக்கும்.

இந்தக் கருங்கல் சொரசொரப்பானது. அருகில் பார்த்தால் அரிசி அளவில் வெள்ளைப் பரல்கள் துருத்திக்கொண்டிருக்கும். கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது, காலுக்கு எல்லாமே பிடி. பயந்த பிள்ளை என்ன செய்யும்? பாறையைக் கட்டிப்பிடிக்கும். உடம்பு பாறையோடு ஒட்டினால் பாரம் பாதத்தைவிட்டு விலகும், கால் வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி, உள்ளங்கையால் கல்லைக் கீழ்நோக்கி அழுத்தி, குட்டி குட்டி அடியாக வைக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பக்கவாட்டாக நடக்க விட்டுப் பழக்கினால் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். முழுக்கால் பேன்ட் போடுங்கள்; சரிவில் சறுக்கினால் எலும்பு முறியாது, தோல் உரியும்.

இன்னொன்று, இந்தக் கல் வெங்காயம் போலத் தோல் தோலாக உரிவது. உரிந்த தோல் சில இடத்தில் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, தகரடப்பா போலக் கடகடத்தால் அதைப் பிடித்து இழுக்கவோ, அதில் எதையும் கட்டவோ வேண்டாம். விரிசல்களில் தேனீக் கூடும் இருக்கலாம். கீழேயிருந்தே தேனீக்களின் போக்குவரத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

குழந்தைகளுக்கு எப்போதும் மேலிருந்து கட்டிய கயிறுதான், டாப்-ரோப். 60 மீட்டர் கயிறென்றால் பாறை 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது; அதற்குள்ளும் கயிற்றின் அடிநுனியில் ஒரு முடிச்சுப் போட்டே வையுங்கள். மேலே ஆங்கருக்கு, அதாவது கயிறு தொங்கும் பிடிமானத்துக்கு, பாறையில் பதித்த இரண்டு போல்ட் வேண்டும். இங்கே பழைய போல்ட்டுகள் உண்டு. விரலால் திருகிச் சுற்றினால், துரு பொடியாக உதிர்ந்தால், அதை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். இரண்டிலிருந்தும் வரும் பட்டைகளுக்கு இடையில் கோணம் 60 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும். கயிறு ஓடும் இடத்தில் பூட்டுள்ள இரண்டு காரபினர் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி), வாய் எதிரெதிராக. போல்ட்டுகள் பாறை விளிம்புக்கு உள்ளே தள்ளி இருந்தால், நீளாத ஸ்டாட்டிக் கயிற்றால் ஆங்கரை விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து தொங்கவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் அந்த அரிசிப் பரல்களில் ஓடும் கயிறு உரசி ஒரே பகலில் பஞ்சாகிவிடும். விளிம்பில் ஆங்கர் கட்டுகிறவர் முதலில் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். பாறை ஏறும்போது விழுகிறவர்களைவிட, கட்டாமல் விளிம்பில் வேலை செய்கிறவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் அதிகம் பயப்படுவோம்.

ஹார்னஸ், அதாவது கயிறு கட்ட உடம்பில் மாட்டும் பட்டைக் கச்சை. ஆறேழு வயதுவரை பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு அகலம் போதாது. தலைகீழானால் இடுப்பு ஹார்னஸிலிருந்து நழுவும். அவர்களுக்குத் தோளையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ். எட்டு முடிச்சைப் போட்டு, கோட்டுக்குக் கோடு இணையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, வால் ஒரு சாண் மிஞ்ச விடுங்கள். ஏறுமுன் ஏறுகிறவர், கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் பிலேகாரரின் பூட்டையும், பிலேகாரர் ஏறுகிறவரின் முடிச்சையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அப்பாவின் காரபினரைத் திருகிப் பார்த்து "பூட்டியிருக்கு" என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எடை வித்தியாசம்தான் குடும்பமாக ஏறுகிறவர்களின் தனிப் பிரச்சினை. 85 கிலோ அப்பாவை 55 கிலோ அம்மா பிலே செய்தால், அப்பா வழுக்கும்போது அம்மா மேலே போவார். பாறையை ஒட்டி நின்று, இடுப்பிலிருந்து ஒரு பட்டையைத் தரையில் இருக்கும் பெரிய கல்லில் கட்டிவிட்டால் தீர்ந்தது. பிள்ளை பெரியவரை பிலே செய்யவே வேண்டாம். மறுபக்கம், 18 கிலோக் குழந்தை மேலே போய்விட்டு இறங்க மறுக்கும். பயம் காரணமில்லை, தடித்த கயிறும் விளிம்பின் உராய்வும் சேர்ந்தால் அந்த எடைக்குக் கயிறு ஓடாது. 9.5 மி.மீ. கயிறு எடுத்துப் போங்கள், தானே பூட்டும் பிலே சாதனம் அந்தத் தடிமனுக்குப் பொருந்துமா என்று சாதனத்தின்மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். முதல் ஏற்றத்தில் மூன்று மீட்டர் போனதும் இறக்கிப் பாருங்கள். அங்கேயே சிக்கல் தெரிந்துவிடும், உச்சியில் தெரிய வேண்டியதில்லை. கயிறு நீளும் என்பதையும் மறக்க வேண்டாம்: முதல் இரண்டு மீட்டருக்கு இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் வழுக்கிய பிள்ளை தரையைத் தொட்டுவிடும்.

கயிற்றை மணலில் போடாதீர்கள், ஒரு தார்ப்பாய் விரித்து அதன்மேல். மணல் உள்ளே போனால் உள்ளிழையை அறுக்கும், வெளியே தெரியாது.

பாறை ஓவியங்கள் இந்தப் பகுதியெங்கும் உண்டு, சான் மக்கள் வரைந்தவை. தொடாதீர்கள், தெளிவாகத் தெரிய வேண்டுமென்று தண்ணீர் தெளிக்காதீர்கள், ஏறும்போது கையில் பூசும் வெள்ளைப் பொடிப் பையை அருகில் திறக்காதீர்கள். பிராண்ட்பெர்க் மலையின் சிசாப் பள்ளத்தாக்கில் இருக்கும் 'வெள்ளைச் சீமாட்டி' ஓவியத்துக்கு வழிகாட்டியோடுதான் போகலாம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. காலையில் முடித்துவிடுங்கள். அது சீமாட்டியல்ல, ஆண் உருவம் என்பதுதான் இப்போதைய கருத்து.

வண்டிக்கு வருவோம். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற நாடு என்பது ஒரு வசதி. நான்கு சக்கரமும் இயங்கும் பிக்கப், ஸ்டெப்னி இரண்டு, காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசர், மண்வெட்டி. மண் சாலையில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அலை அலையான சாலையில் வேகம் கூடினால் டயர் தரையைத் தொடும் நேரம் குறையும், வளைவில் வண்டி நேராகப் போய்க் கவிழும். இருட்டியபின் ஓட்டவே வேண்டாம், குடு மான் குறுக்கே பாயும். புழுதி உள்ளே வராமலிருக்க ஜன்னலை மூடி, காற்றாடியை வெளிக்காற்றில் வைத்து முழு வேகத்தில் விடுங்கள். உள்ளே அழுத்தம் கூடினால் புழுதி நுழையாது. உள்காற்றிலேயே சுற்றவிட்டால் எல்லோரும் பழுப்பாகிவிடுவீர்கள்.

டயரில் காற்று: தார்ச்சாலையில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ., மண் சாலையில் 26, ஆற்று மணலில் 18. வாடகைக்குக் கொடுத்தவர் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. மணலில் இறங்குமுன் குறைக்க வேண்டும், சிக்கிய பிறகு இல்லை. முன்னே போன வண்டித் தடத்திலேயே போங்கள், பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு நிறுத்துங்கள். சக்கரம் சுழன்று ஓரங்குலம் இறங்கியதுமே நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். கூடுதலாக மிதித்தால் அச்சுவரை புதைந்துவிடும், அப்புறம் அரைநாள் மண்வெட்டிதான். சமீபத்தில் ஆறு ஓடியிருந்தால் இன்னும் கவனம்: மேலே வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், உள்ளே களியாக இருக்கும். ஒருவர் இறங்கி நடந்து, நின்று குதித்துப் பார்க்க வேண்டும். தரை தயிர்போல ஆடினால் சுற்றிப் போங்கள்.

கடைசியாகத் தார்ச்சாலை ஏறுமுன் நிறுத்தி, நான்கு டயருக்கும் காற்றடியுங்கள். கம்ப்ரசரில் ஒரு டயருக்கு ஐந்தாறு நிமிடம் பிடிக்கும், வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். அந்த நேரத்தில் டயரின் பக்கச்சுவரைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கூரான கல் கிழித்தது அங்கேதான் இருக்கும், தரையைத் தொடும் பட்டனில் இருக்காது. நகம் நுழையும் கீறல் இருந்தால் ஸ்டெப்னியை மாட்டிவிட்டே கிளம்புங்கள்.